நூற்றில் எத்தனை பேர்

ஆஸ்பத்திரியில் அவளைக் 'கால் சிஸ்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் வேலை பார்ப்பது காயம் கட்டும் அறையில். கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறையைத் தாண்டி நடைபாதை முடிகிற இடத்தில் அந்த அறை. மூன்று கட்டில், ஒரு தகர மேசை, கைகழுவும் தொட்டி, எப்போதும் திறந்திருக்கும் ஒரு ஜன்னல். அங்கே வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சர்க்கரை வியாதி, காயம் காலில். கட்டை அவிழ்த்து, உப்புத் தண்ணீரால் கழுவி, செத்த தசையைக் கத்தரித்து, மருந்துத் துணி வைத்து, மறுபடி கட்டி அனுப்புவாள். அடுத்த ஆள். இப்படி ஒரு நாளைக்கு முப்பது கால், நாற்பது கால். இருபத்து நான்கு வருஷம்.

கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே, ஆள் வாசலில் நுழையும்போதே இது தேறும், இது தேறாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். புதிதாக வந்த டாக்டர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. அவளோ எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நோயாளி கேட்டால், "நாளைக்கு வாங்க, பாக்கலாம்" என்பாள். அதோடு சரி.

அவள் புருஷன் கண்ணாடிக்காரர். முன்னால் கடை, பின்னால் வீடு. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, படத்துக்குச் சட்டம், மேசைக்கு மேல்கண்ணாடி. சுவரோரம் ஆள் உயரத் தகடுகள் சாய்ந்து நிற்கும். ஒன்றை உருவி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, கம்பளி விரித்த மேசைமேல் படுக்க வைப்பார். அளவுகோலை வைத்து வைரமுனையால் ஒரே இழுப்பு. மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தகடு இரண்டாகும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. உட்கார்ந்தால் கை தப்பும் என்பார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் கையில் தழும்பில்லாத விரல் கிடையாது. காலில் மட்டும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கனத்த தோல் செருப்பு இல்லாமல் கடைக்குள் அடி வைக்க மாட்டார்.

அந்தக் காலைக் கெடுத்தது ஒரு புது ஷூ. மகள் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அவளுடைய அலுவலக விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்தார். நான்காவது விரலின் ஓரத்தில் கொப்புளம் கண்டு, உடைந்து, புண்ணாகியிருக்கிறது. பதினைந்து வருஷச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மழுங்கிப்போயிருந்தது. வலி இருந்தால்தானே குனிந்து பார்க்கத் தோன்றும். பன்னிரண்டு நாள் கழித்து, அவர் நடந்துபோன தரையில் ஈரமாக ஒரு தடம் இருப்பதைத் துணி மடித்துக்கொண்டிருந்த அவள்தான் பார்த்தாள். உட்காரச் சொல்லிக் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். ஊரார் காலையெல்லாம் பார்த்தவள், வீட்டுக்குள் நடமாடுகிற காலைப் பார்க்கவில்லை. அந்தக் குத்தல் அவளுக்குள் தைத்தது தைத்ததுதான்.

சர்ஜன் பார்த்தார். நான்காவது விரல் கறுத்துவிட்டது, ஐந்தாவதும் சரியில்லை, புண்ணுக்குள் கம்பி விட்டால் எலும்பில் தட்டுகிறது என்றார். பெரிய ரத்தக் குழாயில் அடைப்பில்லை. சின்னக் குழாய்களில்தான் ஓட்டம் மந்தம். இரண்டு விரலையும் இப்போதே எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. கண்ணாடிக்காரர் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் பெண்டாட்டியிடம் சொன்னார், "கத்தி கையில இருக்கறவர் வெட்டணும்னுதான் சொல்வாரு. வீட்ல நீ இருக்க. நீ கட்டு."

அவள் கட்டினாள். ஆஸ்பத்திரியில் அத்தனை காலையும் முடித்துவிட்டு வந்து, டீ குடித்த கையோடு, சமையலறை நாற்காலியில் அவரை உட்கார வைத்து அந்த ஒரு காலைக் கட்டுவாள். மழைக்காலம். கூரைத் தகரத்தில் ஓயாமல் சத்தம். கடைக்கு ஆள் வரத்துக் குறைவு. மகள் வேலையிலிருந்து வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்ப்பாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார். நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்பாள். மறுநாளும் கேட்பார். மறுநாளும் அதே பதில். மூன்று வாரம் இப்படியே ஓடிற்று. ஓரம் சுடுகிறதா, வீக்கம் கணுக்காலுக்கு ஏறியிருக்கிறதா என்று கை தடவிப் பார்க்கும். பார்த்ததை வாய் சொல்லாது. மகள் மட்டும் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, "நெஜமா ஆறிடுமாம்மா?" என்று கேட்டாள். "தட்டைக் கவுத்து வை, தண்ணி வடியட்டும்" என்றாள் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது.

கடிதம் அனுப்பியவர் சுகாதாரத் துறைத் தலைமையகத்தில் இருக்கும் ஒரு பெண் டாக்டர். ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை. எந்த வைத்தியம் எத்தனை பேருக்குப் பலித்தது என்று கணக்குப் பார்ப்பதே அவர் வேலை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைக் 'கணக்கு டாக்டர்' என்பார்கள். இப்படிக் கறுத்த விரலோடு வருகிறவர்களுக்கு உடனே விரலை எடுப்பதா, மூன்று மாதம் கட்டுப்போட்டுப் பார்ப்பதா? சுற்றுவட்டாரத்திலுள்ள எல்லாச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரு வழிமுறை எழுதியாக வேண்டும். சர்ஜன்கள் போதாது, கட்டிலும் போதாது. எதற்கு முதலிடம் என்று தெரிய வேண்டும். பழைய ஏடுகளைப் பார்க்கலாமென்றால், இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் அவை இருந்த நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து, ஏடெல்லாம் ஒட்டிக் கட்டியாகக் கிடந்தது. பிரித்தெடுத்ததில் முழுசாகத் தேறியது இருபத்திரண்டு பேருடைய விவரம். அதனால் இந்தக் கால்களைக் கண்ணால் கண்டு கையால் தொட்டவர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதுவது என்று ஏற்பாடு. எட்டில் ஒருத்தியாக இவள் பெயரை எழுதிக் கொடுத்தவர் இவளுடைய சர்ஜன்தான்.

மாடியில் ஒரு கூட்ட அறை. நீள மேசையைச் சுற்றி மூன்று சர்ஜன்கள், மூன்று சர்க்கரை டாக்டர்கள், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற ஒரு பெரியவர், இவள். டாக்டர்கள் நடுவே உட்கார்ந்து பழக்கமில்லாத பெரியவர் நாற்காலி நுனியில் இருந்தார். இவளும் அப்படித்தான்.

கணக்கு டாக்டர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். குரல் உயராது. முதலில் ஒரு ஒத்திகை என்றார். இந்தக் கட்டடத்தில் கீழிருந்து மேல்மாடி வரை மொத்தம் எத்தனை படி? யாரும் யாரையும் கேட்கக்கூடாது. ஆளுக்கு மூன்று எண் எழுத வேண்டும். இதற்குக் கீழே போகாது என்று ஒன்று, இதற்கு மேலே போகாது என்று ஒன்று, இதுவாகத்தான் இருக்கும் என்று நடுவில் ஒன்று. எழுதிக் கொடுத்தார்கள். சரியான விடை நூற்று நான்கு. எட்டுப் பேரில் ஐந்து பேர் எழுதிய இரண்டு எல்லைக்குள் அது விழவே இல்லை. ஒரு சர்ஜன் எழுபது முதல் எழுபத்தைந்து என்று எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று அகலமாக எழுதுவதில் வெட்கமில்லை, குறுக்கி எழுதிவிட்டுத் தப்பாகப் போவதுதான் வினை என்றார் கணக்கு டாக்டர். பெரியவர் ஐம்பது முதல் இருநூறு என்று எழுதியிருந்தார். முட்டிவலிக்காரர், லிஃப்டைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லையாம்.

பிறகு நிஜமான கேள்விகள். தாளில் ஒவ்வொரு நோயாளியாக வரைந்து கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை, வயசு, வியாதி, காயத்தின் நிலை, வேலை. முதல் மூன்றையும் அவள் அதிகம் யோசிக்காமல் எழுதினாள். நான்காவது தாளைத் திருப்பினாள். ஆண், ஐம்பத்தெட்டு வயசு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. நான்காவது விரல் கறுத்திருக்கிறது, எலும்பு தட்டுப்படுகிறது. பாதத்தில் நாடி மந்தம். நின்றுகொண்டு செய்யும் வேலை.

எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய சர்ஜன் தலையைத் தூக்கவில்லை. வேண்டுமென்றே தூக்காமல் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தாளை எழுதிக் கொடுத்தது அவர் இல்லை, இப்படிப்பட்ட ஆட்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றும் தெரிந்தது.

இந்த மாதிரி நூறு பேர் வருகிறார்கள். விரலை எடுக்காமல் கட்டும் மருந்துமாக மூன்று மாதம் பார்க்கிறோம். எத்தனை பேருக்கு வெட்டாமலே ஆறும்?

அவள் பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. குறைந்தது ஐந்து. மிஞ்சிப் போனால் இருபது. நடுவில் பத்து.

இதே நூறு பேரில், காத்திருந்ததால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டி வருவது எத்தனை பேருக்கு? முப்பத்தைந்து என்று எழுதினாள். விரலை உடனே எடுத்தால்? பதினைந்து. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். இருபத்து நான்கு வருஷமாக யாருக்கும் சொல்லாததைக் கை தானாக எழுதிவைத்திருந்தது. காதுமடல் சூடேறிற்று. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லோருடைய எண்ணையும் பெயரில்லாமல் பலகையில் எழுதினார்கள். வெட்டாமல் ஆறுவது: நாற்பது, முப்பத்தைந்து, முப்பது, முப்பது, இருபத்தைந்து, இருபது, பதினெட்டு, பத்து. பத்து எழுதியவர் விருப்பப்பட்டால் காரணம் சொல்லலாம் என்றார் கணக்கு டாக்டர். கட்டாயமில்லை என்றும் சொன்னார்.

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் மேடம். டாக்டருங்ககிட்ட ஆறினவங்க திரும்பி வருவாங்க. காலைக் காட்டி நன்றி சொல்லிட்டுப் போவாங்க. அது மனசுல நிக்கும். ஆறாதவங்க வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கமே வரமாட்டாங்க. நேரா கீழ என் ரூமுக்கு வருவாங்க. கொஞ்ச நாள் வருவாங்க. அப்புறம் அதுவும் வரமாட்டாங்க. எங்க போனாங்கன்னு கேட்டா, கூட வர்ற சம்சாரம் ஒருநாள் தனியா வந்து மிச்சமிருக்கற பேண்டேஜைத் திருப்பிக் குடுப்பாங்க."

நாற்பது எழுதிய சர்க்கரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கணக்கு டாக்டர் தலையாட்டினார். பிறகு அவளையும் விடவில்லை. "நீங்க சொல்றது சரி சிஸ்டர். ஆனா அதே கண்ணால உங்களையும் பாக்கணும். நல்லா ஆறினவங்க உங்க ரூமுக்கு வரவேண்டிய வேலை இல்லையே. அவங்களை நீங்க கம்மியாப் பாத்திருப்பீங்க இல்லையா?"

அவள் யோசித்தாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் ஊரில் காலைத் தரையில் ஊன்றவிடாமல் மாவுக்கட்டுப் போட்டு வைப்பதால் இன்னும் ஒன்றிரண்டு பேர் தேறுவதாகச் சொன்னார். மறுபடி எல்லோரும் தனித்தனியாக எழுதினார்கள். நாற்பது இருபதானது. முப்பதெல்லாம் இறங்கின. அவள் பத்தைப் பன்னிரண்டாக்கினாள். அதற்கு மேல் கை ஏறவில்லை.

இது உண்மை என்று நான் சொல்ல மாட்டேன், இனிமேல் ஏடு ஒழுங்காக எழுதி நிஜத்தைத் தெரிந்துகொள்கிற வரைக்கும் நம் கையில் இருப்பது இதுதான் என்று சொல்லிக் கணக்கு டாக்டர் தாள்களை அடுக்கினார்.

மாடிப்படியில் சர்ஜன் அவள் கூடவே இறங்கினார். இரண்டு தளம் தாண்டியதும், "வீட்ல சொல்லிட்டீங்களா சிஸ்டர்?" என்றார். இல்லை என்றாள். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது என்று மட்டும், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலெல்லாம் நீராவி படிந்திருந்தது. பக்கத்தில் ஈரக் குடையோடு ஒரு பெண் உட்கார்ந்து இவள் புடவையை நனைத்தாள். இவள் நகரவில்லை. மனசு முழுக்க வீட்டுச் சமையலறை நாற்காலி இருந்தது. நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்று இருபது தரமாவது சொல்லியிருப்பாள். அதில் ஒரு தடவையாவது உண்மையா? முதல் வாரம் இரண்டு நாள் உண்மை. அப்புறம்?

வீட்டுக்கு வந்து, டீ போட்டாள். மகளும் அப்போதுதான் வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் நீட்டினார். அவள் கையுறை மாட்டி, கட்டை அவிழ்த்து, கழுவி, வெளிச்சத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"நல்லா இல்லீங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. மகள் துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள்.

"நேத்து பரவாயில்லன்ன?"

"நேத்தும் நல்லா இல்ல. ரெண்டு வாரமாவே நல்லா இல்ல. சொல்லத் தைரியம் வரல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாடி அறை, எட்டுப் பேர், படிக்கட்டுக் கணக்கு, நான்காவது தாள். நூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் வெட்டாமல் ஆறும் என்று தான் எழுதியதைச் சொன்னாள். காத்திருந்தால் முப்பத்தைந்து பேருக்குக் கால் போகும், விரலை இப்போதே எடுத்தால் பதினைந்து பேருக்குப் போகும் என்றாள். எடுத்தாலும் போகுமா என்று அவர் கேட்டார். போகும், பதினைந்து பேருக்கு, அதையும் மறைக்க மாட்டேன் என்றாள். பதினைந்தா என்பதுகூட உறுதியில்லை, பத்தாக இருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருக்கலாம்; ஆனால் முப்பத்தைந்தைவிடக் குறைவு என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்றும் சொன்னாள்.

அவர் ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது, ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

"பழைய கண்ணாடியைத் தூக்கிட்டு ஒருத்தன் கடைக்கு வர்றான். முப்பது வருஷத்துக் கண்ணாடி, ஓரத்தை வெட்டி எடுத்துக் குடுங்கங்கறான். நான் என்ன சொல்வேன்? பழசுய்யா, காஞ்சு போச்சு, பத்துல நாலு உடையும், உடைஞ்சா எங்கிட்ட வருத்தப்படாத, யோசிச்சுக்கன்னு சொல்லிட்டுத்தான் கை வைப்பேன். முன்ன பின்ன தெரியாதவனுக்கு நான் சொல்றேன். நீயும் முன்ன பின்ன தெரியாத ஏழு பேருக்கு எழுதிக் காட்டிட்ட. கட்டினவனுக்குச் சொல்ல உனக்கு மூணு வாரம் ஆயிருக்கு."

அவள் புதுத் துணியை எடுத்துப் புண்ணின் மேல் வைத்தாள். "அந்தத் தாள்ல இருந்த காலு யாரோட காலுமில்லீங்க. அதான் எழுத வந்துச்சு. இது உங்க காலு. இதைத் தொடும்போது நான் சிஸ்டரா இருக்கறதில்ல. ஆறணும் ஆறணும்னு வேண்டிக்கிட்டே பாத்தா, கண்ணு என்னத்தைப் பாக்கும்?"

மகள் அழ ஆரம்பித்தாள். ஷூ வாங்கியது தான்தான் என்று அவள் ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணாடிக்காரருக்கு அதைக் கேட்டுக் கோபம் கொஞ்சம் இறங்கியது. "கடிச்சது ஷூ. கடிக்கறது தெரியாம நடந்தது நான். இதுல நீ எங்கடி வந்த? போய் மூஞ்சியைக் கழுவு" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். முட்டைக்கு உப்புப் போட மறந்திருந்தாள். யாரும் அதைச் சொல்லவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் கேட்டார், "அந்தப் பன்னண்டு பேர்ல நான் இருக்க மாட்டேனா?"

"இருக்கலாம். இருக்க மாட்டீங்கன்னு யாராலும் சொல்ல முடியாது."

"நீ என்ன நினைக்கற? எட்டுப் பேர் இல்ல. நீ."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள், "இன்னிக்கு இந்தக் காலோட வேற யாராவது என் ரூமுக்கு வந்திருந்தா, சர்ஜன்கிட்ட கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன். நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் தண்ணீர் குடித்தார். மறுநாள் காலையில் கடைக்கதவைத் திறக்காமல், கதவில் ஒட்டுவதற்கு ஒரு அட்டையில் 'சில வாரங்கள் விடுமுறை' என்று எழுதிக்கொண்டிருந்தார். 'சில' என்பதை ஏன் எழுதினீர்கள், எத்தனை வாரம் என்று போடலாமே என்று மகள் கேட்டாள். அது உங்கம்மாவுக்கே தெரியாது என்றார்.

திங்கட்கிழமை இரண்டு விரலையும் எடுத்தார்கள். அவளைத் தியேட்டருக்குள் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. தன் அறையில் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குச் சர்ஜனே இறங்கி வந்து, வெட்டிய இடத்தில் ரத்தம் நன்றாகக் கசிந்தது என்றார். மற்றவர்களுக்கு அது கெட்ட சேதியாகத் தோன்றலாம். அவளுக்கு அதைவிட நல்ல சேதி இல்லை. ரத்தம் வருகிற இடம் பிழைத்துக்கொள்ளும்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது விரலின் நுனியில் ஒரு கருமை தெரிந்தது. கட்டை அவிழ்த்தவள் அதே நிமிஷம் சொன்னாள். அவர் மல்லாந்து படுத்தபடி கேட்டார், இதற்கு எத்தனை பேர்? அவள் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். இரண்டு விரல் எடுத்து, மூன்றாவதில் நுனி மட்டும் கறுத்த கால்கள் எத்தனை பார்த்திருக்கிறாள்? நாலோ ஐந்தோ. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஞாபகத்தில் நின்றன.

"இதுக்கு எங்கிட்ட எண் இல்லீங்க. தெரியல."

"சரி, தெரியலன்னா தெரியல" என்றார். அவர் குரலில் பயத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது ஏன் என்று அவளுக்கு விளங்காமல் போயிற்று. அன்று அவர்தான் முதலில் தூங்கிப்போனார். கருமை ஒரு வாரம் அப்படியே நின்று, காய்ந்து, தோலோடு உதிர்ந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் புதுத் தோல் இருந்தது. காயம் முழுக்க மூடப் பதினான்கு வாரம் ஆயிற்று. இடையில் ஒரு தரம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எல்லோரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் போயிற்று.

வெயில் காலம் வந்ததும் கடையைத் திறந்தார்கள். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த செருப்பு. முதல் நாட்களில் நின்றபடி தகட்டைத் தூக்கினால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. சின்ன விரல்கள் எவ்வளவு பாரம் தாங்கியிருக்கின்றன என்று இல்லாமல் போன பிறகுதான் தெரிகிறது என்பார். மேசையின் வலது ஓரத்தில் ஒரு மரக்கட்டையை ஆணியடித்து, அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு இழுக்கப் பழகினார். மூன்று தகடு வீணாயிற்று. நான்காவது நேராக உடைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரிக்குக் கண்ணாடி வெட்ட ஒருவர் வந்தார். மரச்சாமான் வியாபாரி. அளவு கொடுத்துவிட்டுக் காலைக் கவனித்து விசாரித்தார். கேட்டதும், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, தன் மச்சானுக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான் விரல் கறுத்துப்போனது, வெட்டவே இல்லை, கட்டுப்போட்டே ஆறிவிட்டது, இன்றைக்கு அவர் ஓடுகிறார், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றார்.

பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இருக்கும்ங்க" என்று கண்ணாடிக்காரர் சொல்வது கேட்டது. "நூத்துல பத்துப் பன்னண்டு பேருக்கு அப்படி ஆறுமாம். உங்க மச்சான் அதுல ஒருத்தர். நல்லா இருக்கட்டும்."

அவள் ஈரக் கையோடு முன்னால் வந்தாள். எந்த விரல், எலும்பு தட்டிற்றா, எத்தனை வாரம் கட்டினார்கள், காலை ஊன்றவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வியாபாரி திணறிப்போனார். சின்ன விரலாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வலதா இடதா என்பதில் அவருக்கே தகராறு. இவ்வளவு விசாரணை நடக்கும் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார் போலிருந்தது. முடிந்தால் உங்கள் மச்சானை ஒருதரம் வரச் சொல்லுங்கள், காலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

வர மாட்டார் என்றுதான் நினைத்தார்கள். வந்தார். புதன்கிழமை சாயங்காலம், ஒல்லியாக, தயங்கித் தயங்கி, கண்ணாடி வாங்க வந்தவர்போலத் தகடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மரச்சாமான் கடை மச்சான் அனுப்பினார் என்றார். கண்ணாடிக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் செருப்பைக் கழற்றினார்.

இடது கால். நான்காவது விரல். நகம் இல்லை, ஓரம் கொஞ்சம் சூம்பியிருந்தது, மற்றபடி ஐந்தும் வரிசையாக இருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். நாடியைத் தொட்டாள், மந்தம்தான். எலும்பில் கம்பி தட்டியது என்று டாக்டர் சொன்னாராம். ஐந்து மாதம் கட்டினார்களாம். மாதக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது போலவே இருந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் தழும்பைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். அந்தக் காலை அவரும் நன்றாகப் பார்த்தார். விரல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோல அவர் கண் நகர்ந்தது.

"நல்லா ஆறியிருக்குங்க" என்றார். பிறகு அந்தச் செருப்பைத் தன் கையால் எடுத்து, அவர் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். "போட்டுக்கங்க. இங்க தரையெல்லாம் கண்ணாடித் தூள் கெடக்கும்."